கடலோடு சேர்த்தே காக்க வேண்டிய காடு: இடைவெப்பக் கரையோர மழைக்காடுகள் ஓர் அறிமுகம்

மழைக்காடு என்றால் கொழும்பில் வாழும் நம்மில் பெரும்பாலானோருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கராஜ வனம்தான். ஆண்டு முழுவதும் நீங்காத வெப்பமும் ஈரமும், கொடிகள் பின்னிக் கிடக்கும் மரங்களும், காலில் ஏறும் அட்டைகளும் சேர்ந்ததே மழைக்காடு என்று நாம் பழகியிருக்கிறோம். பாடசாலைப் புவியியலும் மழைக்காட்டை அயன மண்டலத்தோடு இணைத்தே கற்பிப்பதால், வெண்பனி விழும் நாட்டிலும் மழைக்காடு இருக்கக்கூடும் என்ற எண்ணம் பலருக்கு எழுவதே இல்லை. ஆயினும் பூமியின் மிக உயரமான மரங்கள் நிற்பதும், ஒரு ஹெக்டயர் நிலத்தில் மிக அதிகமான உயிர்த்திணிவு குவிந்திருப்பதும் அத்தகைய குளிர்ந்த கரைகளில் வளரும் மழைக்காடுகளில்தான். இடைவெப்பக் கரையோர மழைக்காடுகள் எனப்படும் இவை எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு உயிர் வாழ்கின்றன, மரங்களை மட்டும் காத்தால் இவற்றைக் காத்துவிட முடியாது என்று ஏன் சொல்லப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

அறிவியலாளர் பலர் ஏற்றுக்கொண்ட வரையறையின்படி, ஆண்டு மழைவீழ்ச்சி 1,400 மில்லிமீற்றருக்கு மேற்பட்டும், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 4 முதல் 12 பாகை செல்சியஸ் வரையும் இருக்கும் காடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. கொழும்பின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர், சராசரி வெப்பநிலை 27 பாகைக்கும் மேல். ஆகவே மழையில் நாம் அவற்றுக்குக் குறைந்தவர்கள் அல்லர். வேறுபாடு குளிர்ச்சியில்தான் உள்ளது. கோடையிலும் குளுமை குறையாமல் இருப்பதும், காட்டுத்தீ அரிதாகவே ஏற்படுவதும் இக்காடுகளின் கூடுதல் அடையாளங்கள். இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒருங்கே பொருந்தும் இடங்கள் உலகில் மிகச் சில. எல்லாவற்றையும் கூட்டினாலும் பூமியின் நிலப்பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாகவே வரும். சிலியின் தெற்குக் கரை, நியூசிலாந்தின் மேற்குக் கரை, தாஸ்மேனியா, நோர்வேயின் கரையோரம், ஸ்கொட்லாந்தின் மேற்குப் பகுதி, கருங்கடலின் கிழக்கு ஓரம் ஆகிய இடங்களில் இவை துண்டு துண்டாக உள்ளன. மிகப் பெரிய தொடர்ச்சி வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், வடக்குக் கலிபோர்னியாவில் தொடங்கி, ஒரிகன், வொஷிங்டன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வழியாக அலாஸ்காவரை நீள்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தத் தொடர்ச்சியைப் பற்றியே பேசும்.

இக்காடுகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு கடலும், அதன் கரையை ஒட்டி எழும் ஒரு மலைத்தொடரும் இருப்பதைக் காணலாம். இதன் காரணத்தை இலங்கையில் வாழ்பவர்களுக்கு விளக்குவது எளிது. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவந்து மத்திய மலைநாட்டில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, வட்டவளை போன்ற இடங்களில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டும் காற்றில் ஈரம் எஞ்சுவதில்லை. அதே நிகழ்வுதான் பசிபிக் கரையிலும் நடைபெறுகிறது. வொஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைகளின் மேற்குச் சரிவிலுள்ள ஹோ பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீற்றர் மழை பெய்யும்போது, அதே மலைகளின் வடகிழக்கிலுள்ள செக்விம் நகரம் 400 மில்லிமீற்றர் அளவே பெறுகிறது. மழையைத் தருவதோடு கடலின் வேலை முடிந்துவிடுவதில்லை. கடல்நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதால், கரையோரத்தின் குளிர்காலம் உள்நாட்டைப்போல் கடுமையாவதில்லை, கோடையும் கொதிப்பதில்லை. இந்த மிதமான நிலைதான் அங்குள்ள மரங்களின் இயல்பையே தீர்மானித்திருக்கிறது.

உலகின் பிற இடைவெப்ப வலயங்களில் இலையுதிர் மரங்கள் ஓங்கி நிற்க, பசிபிக் கரையில் மட்டும் ஊசியிலை மரங்கள் ஆட்சி செய்வது ஏன் என்பது நீண்டகாலம் ஆய்வாளரைச் சிந்திக்கவைத்த கேள்வி. அக்கரையின் தெற்குப் பகுதியில் மழையின் பெரும்பங்கு குளிர்காலத்தில் பெய்கிறது. கோடையில் வறட்சி தலைகாட்டுகிறது. இலையுதிர் மரம் வளர வேண்டிய கோடையில் நீர் போதாமல் தவிக்கும். நீர் மிகுந்திருக்கும் குளிர்காலத்தில் அதற்கு இலையே இருக்காது. ஊசியிலை மரமோ இலைகளை உதிர்ப்பதில்லை. வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இருக்கும் குளிர்கால நாட்களிலெல்லாம் அது ஒளித்தொகுப்பைத் தொடர்கிறது. கடல் தரும் மிதமான குளிர்காலம் இல்லையேல் இந்த உத்தி பலிக்காது.

சிட்கா ஸ்புரூஸ், மேற்கு ஹெம்லொக், செஞ்சீடார், மஞ்சள் சீடார், டக்ளஸ் பர், தெற்கே ரெட்வூட் என விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களே இக்காடுகளின் பெரும்பகுதியைத் தம்வசம் வைத்திருக்கின்றன. சிங்கராஜவில் 25 ஹெக்டயர் ஆய்வு நிலத்துள் மட்டும் 200க்கும் மேற்பட்ட மர இனங்கள் பதிவாகியுள்ளன என்பதோடு ஒப்பிட்டால், அலாஸ்காவின் காடு இனங்களின் எண்ணிக்கையில் வறியது. ஆனால் மரங்களின் பருமனையும் வயதையும் நோக்கினால் நிலைமை தலைகீழாகிறது. கலிபோர்னியாவில் நிற்கும் ஒரு ரெட்வூட் மரம் 115 மீற்றருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. கொழும்புக் கோட்டையிலுள்ள உலக வர்த்தக மையக் கோபுரங்களின் 152 மீற்றர் உயரத்தில் அது முக்கால் பங்கு. ரெட்வூட் மரங்களுள் 2,000 ஆண்டுகளைக் கடந்தவை உண்டு. மழை குறைந்த கோடை மாதங்களில் இவை கடலிலிருந்து எழும் மூடுபனியை ஊசியிலைகளால் வடித்து நிலத்தில் சொட்டவைக்கின்றன, இலைகளின் மூலமாகவே உறிஞ்சியும் கொள்கின்றன. ஓர் ஆய்வில், காட்டுக்குக் கிடைத்த மொத்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்தே வந்ததாக அளவிடப்பட்டது.

இத்தகைய மரமொன்று விழுந்த பின்னும் அதன் பயன் முடிவதில்லை என்பதே இக்காட்டைப் புரிந்துகொள்வதற்கான முதற்படி என நான் கருதுகிறேன். சிங்கராஜவில் விழுந்த மரத்தை வெப்பமும் கறையானும் பங்கசுகளும் சேர்ந்து விரைவில் உக்கவைத்துவிடும். குளிர்ந்த காட்டில் உக்கல் மிகவும் மெதுவாக நிகழ்வதால், பெருமரமொன்று முற்றாக மண்ணோடு சேர நூற்றாண்டுகள்கூட ஆகலாம். காட்டின் தரையோ அடர்ந்த பாசியாலும் பன்னங்களாலும் மூடப்பட்டிருக்கும். அங்கே விழும் நுண்ணிய விதை முளைத்தாலும் அவற்றுக்குள் அமுங்கிப்போகும். எனவே ஹெம்லொக், ஸ்புரூஸ் நாற்றுகளில் மிகப் பெரும்பாலானவை விழுந்து கிடக்கும் மரத்தண்டுகளின் முதுகிலேயே வேர்விடுகின்றன. இப்படிப்பட்ட தண்டுகளைச் செவிலித்தண்டுகள் என்று சொல்லலாம். ஹோ பள்ளத்தாக்கில் வளர்ந்த மரங்கள் நேர்வரிசையில் நிற்பதைக் காண்பவர்கள் யாரோ நட்டிருப்பார்கள் என்று எண்ணக்கூடும். ஆனால் அந்த வரிசை, பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே விழுந்து பின்னர் மறைந்துபோன ஒரு மரத்தின் நீளம். ஆகவே, இக்காட்டில் கிடக்கும் மரத்தைக் கழிவென்று அகற்றுவது, அடுத்த தலைமுறையின் விளைநிலத்தை அகற்றுவதாகும்.

நிலத்தில் நடப்பதைப் போன்றே மரக்கிளைகளிலும் ஒரு மண் உருவாகிறது. கிளைகளில் படரும் பாசிகளும் இலைக்கன்களும் (பங்கசும் அல்காவும் இணைந்து வாழும் உயிரிகள்) இறந்து உக்கித் தடித்த படுக்கையாகின்றன. 1981இல் நளினி நட்கர்ணி என்ற ஆய்வாளர், ஒலிம்பிக் தீபகற்பத்திலுள்ள மேப்பிள் மரங்கள் தம் கிளைகளிலிருந்தே வேர்விட்டு அந்த உயர்மண்ணிலிருந்து ஊட்டம் பெறுவதை வெளிப்படுத்தினார். முதிய காடுகளின் உச்சிகளில் வாழும் லொபாரியா என்னும் இலைக்கன், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தன்னுள் சேர்க்கிறது. அது உதிர்ந்து விழும்போது காடு முழுவதற்கும் உரம் கிடைக்கிறது. மரங்கள் நன்கு முதிர்ந்த பின்னரே லொபாரியா அங்கே பெருகுகிறது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காட்டுக்கு நைதரசன் வந்துசேரும் மற்றொரு வழி கடலிலிருந்து ஆறுகளின் ஊடாக வருகிறது. பசிபிக் சால்மன் மீன்கள் காட்டு ஓடைகளின் சரளைப் படுகையில் பிறந்து, கடலுக்குச் சென்று, தம் உடற்பருமனில் மிகப் பெரும்பகுதியைக் கடலுணவிலேயே ஈட்டி, பின்னர் பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டு இறக்கின்றன. (நம் கடைகளில் இந்தப் பெயரில் ரின்னில் அடைத்து விற்கப்படும் மீன் பெரும்பாலும் வேறு இனம் என்பதால், அதை வைத்து இதைக் கற்பனை செய்ய வேண்டாம்.) திரும்பிவரும் மீன்களை எதிர்பார்த்துக் கரடிகள் ஓடைக்கரையில் காத்திருக்கின்றன. பிடித்த மீனை ஓடையிலேயே தின்றால் மற்றொரு கரடி பறித்துவிடும் என்பதால், பல கரடிகள் அதைக் காட்டுக்குள் தூக்கிச் செல்கின்றன. மீன் மலிந்திருக்கும் காலத்தில் கொழுப்பு மிகுந்த மூளையையும் முட்டைகளையும் உண்டுவிட்டு எஞ்சியதை அப்படியே விட்டுவிடுகின்றன. ஒரு பருவத்தில் ஒரே கரடி நூற்றுக்கணக்கான மீன்களை இவ்வாறு கரையேற்றக்கூடும். எஞ்சிய உடலைக் கழுகுகளும் காகங்களும் மரநாய்களும் புழுக்களும் பங்கிட்டுக்கொள்ள, இறுதியில் அது மண்ணில் கலந்து மர வேர்களைச் சேர்கிறது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. நைதரசனுக்கு 14, 15 என்ற திணிவெண்களையுடைய இரு நிலையான சமதானிகள், அதாவது திணிவில் மட்டும் வேறுபடும் இரு வகை அணுக்கள், உண்டு. கடலில் வளர்ந்த உயிர்களின் உடலில் நைதரசன் 15 தரையிலுள்ளதைவிட ஒப்பீட்டளவில் அதிகம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் டொம் ரைம்ச்சென் முதலிய ஆய்வாளர்கள், சால்மன் வரும் ஓடைகளின் அருகே நிற்கும் மரங்களின் உடலிலும் வளர்ச்சி வளையங்களிலும் இந்தக் கடல்வழி நைதரசனைக் கண்டறிந்தார்கள். ஒரு மரத்தின் உடலில் கடல்மீனின் சத்து இருக்கிறது என்பதைவிட, காடும் கடலும் ஒரே தொகுதி என்பதற்கு வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தொகுதிக்குள் பிறந்த ஒரு வியப்பு, வெண்ணிறக் கருங்கரடி. கருங்கரடியினத்தைச் சேர்ந்த சில கரடிகள், ஒரு பின்னிடைவான பரம்பரையலகைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெறும்போது வெள்ளையாகப் பிறக்கின்றன. பகல் வெளிச்சத்தில் மீன்களுக்கு இந்த வெள்ளை உடல் எளிதில் புலப்படாததால், அவை கறுப்புக் கரடிகளைவிடச் சிறப்பாக மீன் பிடிக்கின்றன என்று கண்டறியப்பட்டுள்ளது.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமானது அன்று. சால்மனின் முட்டைகள் பிழைக்க வேண்டுமானால் ஓடை குளிர்ந்திருக்க வேண்டும், சரளைக் கற்களுக்கிடையே ஒட்சிசன் நிறைந்த தெளிநீர் ஓட வேண்டும். குளிர்ச்சியைத் தருவது கரையோர மரங்களின் நிழல். ஓடைக்குள் விழும் பெருந்தண்டுகள் நீரோட்டத்தைத் தடுத்து மடுக்களை உருவாக்கி, குஞ்சுகளுக்கு ஒதுங்கிடம் தருகின்றன. மலைச்சரிவில் மரங்களை ஒட்டவெட்டி, மரம் ஏற்றும் பாரவூர்திகளுக்காக வீதி அமைத்தால், அடுத்த பெருமழையில் கழுவிவரும் சேறு சரளையின் இடைவெளிகளை அடைத்து முட்டைகளை மூச்சடைக்கச் செய்கிறது. இவை போதாவென்று ஒரு கடற்பறவையும் காட்டை நம்பி வாழ்கிறது. மார்பிள் மர்ரலெட் எனப்படும் அச்சிறு பறவை பகலெல்லாம் கடலில் இரை தேடினாலும், தன் ஒரே முட்டையை இடுவது முதிய மரமொன்றின் பாசி படர்ந்த அகன்ற கிளையில். கூடு கட்டும் வழக்கம் அதற்கு இல்லை. பாசிப் படுக்கையே கூடு. அதன் கூட்டை வட அமெரிக்க மரமொன்றில் 1974இல்தான் முதன்முறையாக மனிதர் கண்டார்கள்.

இனி, வெட்டிய காடு மீண்டும் வளராதா என்ற கேள்விக்கு வருவோம். வளரும், வேகமாகவும் வளரும். ஆனால் வளர்வது அதே காடு அன்று. ஒட்டவெட்டிய நிலத்தில் ஒரே வயதுடைய மரங்கள் நெருக்கமாக எழுந்து, ஏறத்தாழ 25 அல்லது 30 ஆண்டுகளில் மேற்கவிகையை, அதாவது மரவுச்சிகளாலான கூரையை, முழுவதும் மூடிவிடுகின்றன. கீழே ஒளி புகாததால் புதர்களும் செடிகளும் அழிகின்றன. தென்கிழக்கு அலாஸ்காவில் இந்த இருண்ட நிலை நூறாண்டுக்கும் மேல் நீடிக்கும். அத்தகைய காட்டில் மானுக்கு உணவில்லை, மானை நம்பிய ஓநாய்க்கும் இல்லை. முதிய காட்டில் மரங்கள் ஆங்காங்கே காற்றில் சாய்ந்து ஒளித்திட்டுகளை உருவாக்குவதால் தரையில் செடிகள் செழிக்கின்றன, அகன்ற உச்சிகள் வெண்பனியைத் தாங்கிக்கொள்வதால் குளிர்காலத்திலும் மான் மேய முடிகிறது. மேலே சொன்ன இலைக்கன், செவிலித்தண்டு, பாசிக்கிளை, ஓடையில் கிடக்கும் தண்டு ஆகிய அனைத்தும் மரத்தின் முதுமையிலிருந்தே வருகின்றன. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டும் திட்டத்தில் இவற்றுள் எதற்கும் காலம் கிடைப்பதில்லை. ஆகவே மரம் நட்டு ஈடு செய்கிறோம் என்ற வாதத்தை இக்காட்டைப் பொறுத்தவரை நான் ஏற்க மாட்டேன். கனடாவிலுள்ள உறவினரைக் காணச் செல்லும் கொழும்பு வாசகர்கள் வன்கூவரின் ஸ்டான்லி பூங்காவுக்குப் போக நேர்ந்தால் இதை நேரில் ஆராயலாம். 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட பெரிய சீடார்களின் அடிக்கட்டைகளும், அவற்றின்மேல் முளைத்து வளர்ந்த ஹெம்லொக் மரங்களும் அங்கே இன்னும் உள்ளன.

ரெட்வூட் காடுகள் முன்பு ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் இருந்தன. அவற்றுள் வெட்டப்படாத முதிய காடாக எஞ்சியிருப்பது சுமார் 5 சதவீதமே. வடக்கே நிலைமை சற்று மேலாக இருப்பதற்கு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழும் முதற்குடி மக்களின் எதிர்ப்பு ஒரு முக்கியமான காரணம். உயிருள்ள செஞ்சீடாரிலிருந்து பட்டையையும் பலகையையும் மட்டும் உரித்தெடுத்து, மரத்தை வாழவிடும் முறையைக் கையாண்டவர்கள் அவர்கள். அத்தகைய தழும்புகளைத் தாங்கிய மரங்கள் இன்றும் அவர்களின் நில உரிமைக்குச் சான்றாக நிற்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளில் 1985இல் ஹைடா மக்கள் மரம் வெட்டும் வீதியை மறித்து அமர்ந்தார்கள், முதியவர்களும் கைதானார்கள். 1993இல் கனடிய அரசும் ஹைடா மக்களும் சம அதிகாரத்துடன் சேர்ந்து நிர்வகிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2010இல் சுற்றியுள்ள கடலும் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டு, குவாய் ஹானாஸ் என்னும் அப்பகுதி மலையுச்சி முதல் கடலடி வரை காக்கப்படும் இடமாயிற்று. காடும் கடலும் ஒரே தொகுதி என்ற உண்மையைச் சட்டத்திலும் நிர்வாகத்திலும் இவ்வளவு தெளிவாக எழுதிய ஏற்பாடு இதுவே என்பதால், இதைப் பற்றி நம் நாட்டுச் சூழலியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என விரும்புகிறேன்.

அதே 1993இல் வன்கூவர் தீவின் கிளேக்வட் சவுண்ட் பகுதியில் மரம் வெட்டுவதை எதிர்த்துத் திரண்டோரில் 800க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அந்தப் போராட்டத்தின் அலை பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலுள்ள பெருங்கரடி மழைக்காடு எனப்படும் பகுதிவரை சென்றது. 64,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அதற்கான இறுதி உடன்பாடு 2016இல் அறிவிக்கப்பட்டது. 26 முதற்குடிச் சமூகங்களும் மாகாண அரசும் சூழலியல் அமைப்புகளும் மர நிறுவனங்களும் பங்குகொண்ட அந்த ஏற்பாட்டின்படி, காட்டின் 85 சதவீதத்தில் தொழில்முறை மரவெட்டல் இல்லை. எஞ்சியதில் கடுமையான விதிகளின்கீழ் மட்டுமே அனுமதி. இத்தகைய மக்கள் எதிர்ப்பு நமக்கும் அந்நியமன்று. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களால் வெட்டப்பட்ட சிங்கராஜவும், எதிர்ப்பு வலுத்த பின் 1977இல் மரவெட்டல் நிறுத்தப்பட்டு, 1988இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று.

கோடாரி நின்றாலும் வெப்பமடையும் காலநிலை நிற்பதில்லை. மஞ்சள் சீடாரின் கதி இதில் மிகவும் வருந்தத்தக்கது. பல நூற்றாண்டுகள் வாழும் இம்மரங்கள் அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பெருந்தொகையாக இறந்துவருகின்றன. ஆராய்ந்தபோது காரணம் வெப்பம் அன்று, குளிர் என்று தெரிந்தது. இம்மரத்தின் நுண்வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும். முன்பு குளிர்கால முடிவுவரை நிலத்தை மூடியிருந்த வெண்பனி வேர்களைக் கடுங்குளிரிலிருந்து போர்த்திக் காத்தது. இப்போது வெண்பனி குறைந்து மழையாகவே பெய்வதால், வசந்தத் தொடக்கத்தில் திடீரென வரும் உறைகுளிர் போர்வையற்ற வேர்களைக் கொன்றுவிடுகிறது. தெற்கே, கலிபோர்னியக் கரையின் கோடை மூடுபனி 20ஆம் நூற்றாண்டில் குறைந்துள்ளதாக 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடலிலோ, 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கை வாட்டிய வெப்ப அலை சால்மன்களின் உணவுச் சங்கிலியைக் குலைத்தது. கடலில் மீன் குறைந்தால் அதன் விளைவு சில ஆண்டுகளில் ஓடைக்கரை மரங்களையும் வந்தடையும்.

இன்று மிகுந்த கவனத்துக்குரிய இடம், 1907இல் நிறுவப்பட்ட அலாஸ்காவின் டொங்காஸ் தேசிய வனம். அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கை முழுவதையும்விடச் சற்றுப் பெரியது. பனியாறுகளும் பாறைகளும் அதில் பெரும்பங்கு வகிப்பதால், பெருமரக் காடு அந்தப் பரப்பில் ஒரு பகுதி மட்டுமே. வனத்துக்குள் புதிய வீதிகள் அமைப்பதைத் தடுக்கும் அமெரிக்க அரசின் விதி 2001இல் இயற்றப்பட்டது. 2003இல் டொங்காஸுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது, 2011இல் நீதிமன்றம் விதியை மீட்டது, 2020இல் மீண்டும் விலக்களிக்கப்பட்டது, 2023 ஜனவரியில் மீண்டும் பாதுகாப்பு வந்தது. 2025 ஜூனில் நாடு முழுவதற்குமான அந்த விதியையே நீக்கப்போவதாக அமெரிக்க விவசாயத் திணைக்களம் அறிவித்தது. டொங்காஸில் மட்டும் ஏறத்தாழ 37,000 சதுர கிலோமீற்றர் நிலம் இந்த விதியின் பாதுகாப்பில் இருந்துவருகிறது. வீதியைப் பற்றி இவ்வளவு வாதிடுவது ஏன் என்று வியப்போர் அந்நிலத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். செங்குத்தான மலைகளுக்கிடையே வீதி அமைக்கத்தக்க சமநிலம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில்தான் இருக்கிறது. மிகப் பெரிய ஸ்புரூஸ் மரங்கள் நிற்பதும், சால்மன் முட்டையிடும் சரளைப் படுகைகள் இருப்பதும் அதே இடத்தில்தான்.